மாதம் தவறாத நோயாளி

சங்குமுனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிறவர்களில் இருநூற்றுப் பதினாலாம் நோட்டுக்காரரான சேர்மத்துரை, உயிரோடு இருந்த கடைசி வருஷத்தில் பன்னிரண்டு தடவை வரவேண்டிய இடத்தில் ஐந்தே தடவை வந்தவர், செத்துப்போன பிறகு ஒரு மாதம்கூடத் தவறவில்லை. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, கேட் திறப்பதற்கு முன்பே, தன்னைக் கடைசியாகத் தூக்கிக்கொண்டு போன அன்று போட்டுவிட்ட அதே கட்டம் போட்ட சட்டையோடும், நாலாக மடித்த மஞ்சள் பையோடும் வந்து, ஆண்கள் வரிசையில் முதல் ஆளாக நின்றுகொள்வார்.

முதல் தடவை வந்தபோது, அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு இரண்டாவதாக வந்த வலைக்காரர் மரியசூசை, காரியச் சாப்பாட்டில் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தவர், முன்னால் நிற்பது யார் என்று குனிந்து உற்றுப் பார்த்தார். பிறகு, "வெறும் வயித்துலதான வந்திய? இன்னைக்கு ரத்தம் எடுப்பாவ" என்று கேட்டார். "வெறும் வயிறுதான்" என்றார் சேர்மத்துரை. அதற்குமேல் அங்கே யாருக்கும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. நர்ஸ் மட்டும், "நோட்டு இருக்கா?" என்றாள். அவர் எடுத்துக் காட்டினார். "அப்ப நில்லுங்க" என்று சொல்லிவிட்டாள்.

விரலில் குத்தினால் ரத்தம் வரவில்லை என்பதால் போன தடவை வந்த அளவையே எழுதிக்கொண்டார்கள். பிரஷர் மிஷின் மூன்று முறை கட்டியும் ஒன்றும் காட்டாததாலும், ஒரு எண் போடாவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது என்பதாலும், நூற்றி முப்பதுக்கு எண்பது என்று போட்டார்கள். டாக்டரம்மா, எப்போதும் போல நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "மாத்திரை ஒழுங்கா போடணும், தினமும் நடக்கணும், இனிப்பு கூடாது" என்றார். "நடக்கேன், இனிப்பை விட்டுட்டேன்" என்றார் சேர்மத்துரை. இரண்டும் உண்மை. நாலு மாதம் போனபின், ஒழுங்காக வருகிற நோயாளிகளின் பட்டியல் என்று சுவரில் ஒரு அட்டை ஒட்டச் சொல்லி மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்தபோது, முதல் பெயராக அவர் பெயரைத்தான் எழுத வேண்டியிருந்தது. பாராட்டுக் கடிதம் ஒன்றும் வந்தது. அதைப் படித்துப் பார்த்து, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஊரும் அவரை இப்படியே எடுத்துக்கொண்டது. இறந்தவரிடம் சேதி கேட்கலாம் என்று முதலில் சிலர் ஆசைப்பட்டார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத மச்சானைப் பார்த்தாரா, பத்திரத்தை எங்கே வைத்தோம் என்று சொல்லாமலே போன மாமனாரைப் பார்த்தாரா என்று துருவினார்கள். "எனக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளையும் தெரியாது, இந்த வரிசைதான் தெரியும்" என்று அவர் சொல்லிவிட்டதில் எல்லோருக்கும் பெரிய ஏமாற்றம். ஆனால் அவருக்குக் கால் கடுக்காது, ஒன்றுக்கு முட்டாது, பசி மயக்கம் வராது என்று கண்டுகொண்டதும் அவரை வேறு விதமாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வந்தவர்கள் எல்லாம் தங்கள் நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு டீக்குடிக்கவோ வேப்பமரத்தடியில் படுக்கவோ போனார்கள். அவர் ஒருவரே நாற்பது பேருக்கு வரிசையில் நின்றார். யார் யாருக்குப் பின்னால் என்பதில் அவர் சொன்னதுதான் சட்டம்.

மாத்திரை வாங்கியதும் அவர் எங்கே போவார் என்பதும் ஊருக்குத் தெரியும். ரோட்டைத் தாண்டி, உப்பளத்து வரப்பில் இரண்டு கிலோமீட்டர் நடந்து, அங்கே பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருக்கும் தன் மனைவி சண்முகக்கனியிடம் பையைக் கொடுப்பார். அவள் டீக்குடிக்கும்வரை நிற்பார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அவள் நிமிரும்போது இருக்கமாட்டார்.

இப்படிப் பதினாலு மாதம் போன பிறகுதான் தமயந்தி வந்தாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண். நாள்பட்ட நோய்க்காரர்கள் அரசாங்க மருத்துவத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று சென்னையில் ஒரு நிறுவனம் எடுத்த கணக்கெடுப்புக்காக, கையில் ஒரு டேப்லெட்டும் அதற்குள் அறுபத்திரண்டு கேள்விகளுமாக வந்திருந்தாள். மூன்று நாளாக அவள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் சங்குமுனைக்காரர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். தண்ணீர் வசதி எப்படி? நல்லா இருக்கு. கழிப்பறை? நல்லா இருக்கு. டாக்டர் கவனித்துக் கேட்கிறாரா? நல்லாக் கேக்காவ. ஏதாவது குறை சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று அவர்களுக்குப் பயம். கழிப்பறையின் பூட்டு துருப்பிடித்து அதில் சிலந்தி கூடு கட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, தமயந்தி 'நன்று' என்ற கட்டத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை டேப்லெட் தானாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த எண் இருநூற்றுப் பதினாலு.

"பேரு?"

"சேர்மத்துரை."

"வயசுங்கய்யா?"

"அம்பத்தி மூணு. அதுக்கு மேல ஏறல."

"போன ஒரு வருஷத்துல உங்க உடம்பு எப்படி இருக்கு? நல்லா இருக்கா, சுமாரா, மோசமா?"

"அப்படியே இருக்கு தாயி. ஒரு மாத்தமும் இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரியசூசைக்குப் பொறுக்கவில்லை. "அவரு செத்துப் பதினாலு மாசம் ஆகு. கேள்வியப் பாத்துக் கேளும்மா" என்றார்.

தமயந்தி சேர்மத்துரையைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார். அவள் ஆறாம் கேள்வியைப் பார்த்தாள். நோயாளி உயிருடன் இருக்கிறாரா? இல்லை என்று அமுக்கினால், குடும்பத்தினருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபம் என்று ஒரு வரி வந்து படிவம் மூடிக்கொள்ளும். அவள் எழுந்துபோய் மேற்பார்வையாளர் கோபிநாத்துக்குப் போன் போட்டாள்.

"சார், ஒருத்தர் இறந்துட்டார்."

"பதில் சொல்ல மாட்டேங்கறாரா?"

"இல்ல சார், நல்லாவே சொல்றார்."

"அப்புறம் என்ன? உயிரோட இருக்கார்னு போடும்மா. ஏற்கனவே உன் மையத்துல எண்ணிக்கை குறையுது."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, ஆம் என்று அமுக்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சங்குமுனை நெடுநாள் பேசிக்கொண்டிருந்தது. மாத்திரையை நிறுத்தினாலும் நோட்டைப் பிடுங்கினாலும் தனக்கு ஒன்றும் ஆகிவிடப்போவதில்லை என்று தெரிந்த ஒரே நோயாளி அவர்தான் என்பதால், சேர்மத்துரை வாய் திறந்தார். கழிப்பறைச் சாவி தொலைந்து இரண்டு வருஷம் ஆகிறது. பொம்பளைகள் செவ்வாய்க்கிழமை என்றால் முந்தின ராத்திரியே தண்ணி குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். குடிதண்ணீர் டிரம்முக்கு மூடி இல்லை. மாத்திரைக் கவரில் எழுதுவதை எழுதினவரே படிக்க முடியாது. டாக்டரம்மாவுக்குத் தன் முகம் தெரியாது. தன் நோட்டைத்தான் தெரியும், தனக்குப் பதிலாக ஒரு ஆட்டுக்குட்டி நோட்டைக் கொண்டுவந்தாலும் அதற்கும் நடக்கச் சொல்லித்தான் அனுப்புவார். வரிசையில் நின்றவர்கள் முதலில் நாலாபுறமும் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து அவர் காதில் குனிந்தார்கள். "பெஞ்சு ஒடஞ்சத சொல்லுங்க." "எம்பேரு வேண்டாம், உங்க பேருலயே சொல்லுங்க, போன மாசம் பாதி மாத்திரைதான் குடுத்தாவ." அவர் எல்லாவற்றையும் தன் குறையாகவே சொன்னார். அதனால் அன்று தமயந்தியின் படிவத்தில், சேர்மத்துரை ஒருவருக்கே மூன்று விதமான மூட்டுவலியும் இரண்டு பிரசவமும் ஏறின. மருந்து கொடுக்கும் திரவியம் ஜன்னலுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அண்ணாச்சி, மெல்லச் சொல்லுங்க, உள்ள கேக்கு" என்றான். அவன் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

ஐம்பதாம் கேள்விவரை எல்லாம் வேகமாகப் போனது.

"மாத்திரைகளை விடாமச் சாப்பிடுறீங்களா?"

சேர்மத்துரை பையை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். "எனக்கு எதுக்கு தாயி? எங்க வீட்டுல சாப்பிடுதா."

"அவங்களுக்கும் சர்க்கரையா?"

"அப்படித்தான் முகாம்ல சொன்னாவளாம், நான் இருக்கையில. அவளுக்கு நோட்டு போடல. செவ்வாக்கிழமை வேலைக்கு வரலன்னா மறுநாள் கங்காணி பாத்தியில எறக்க மாட்டான்."

"உங்களுக்கு எழுதின மாத்திரைய அவங்க அளவு தெரியாம—"

"இல்லாததுக்கு இது இருக்கட்டும்னுதான்."

படிவத்தின் கடைசிப் பகுதி குடும்பத்தாரிடம் கேட்க வேண்டியது. அதனால் அன்று மாத்திரை வாங்கியதும் தமயந்தியும் அவர் பின்னாலேயே போனாள். வரப்புக்கு இரண்டு பக்கமும் வெயில் உப்பில் பட்டு எழுந்து கண்ணைக் குத்தியது. முன்னால் போகிறவருக்கு நிழல் விழுகிறதா என்று பார்க்க நினைத்து, பார்க்காமலே நடந்தாள்.

சண்முகக்கனி ஒல்லியான பெண். முழங்கால்வரை சேலையைச் சொருகிக்கொண்டு, நீளக் கம்பில் பலகை கோத்து உப்பை இழுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் எல்லாம் பழைய காலுறையும் ரப்பர் ஷூவுமாக இருக்க அவள் மட்டும் வெறுங்காலோடு நின்றாள். கணவரைக் கண்டதும் கம்பை ஊன்றிவிட்டு வரப்புக்கு ஏறினாள். பையை வாங்கி, உள்ளே எண்ணிப் பார்த்து, இடுப்பில் சொருகினாள். அதற்குப் பிறகுதான் தமயந்தியை யார் என்று கேட்டாள்.

"உங்களுக்குக் கால்ல உப்பு அரிக்கலையா அக்கா? இவங்க எல்லாம் ஷூ போட்டிருக்காங்க."

"அதெல்லாம் இவளுகளுக்குத்தான். முன்னெல்லாம் எனக்கும் தீயில நிக்காப்புல எரியும். இப்ப ஒரு வருசமா எங்கால உப்பு கடிக்கதே இல்ல. பழகிட்டு" என்றாள் சண்முகக்கனி, பெருமையாக.

தமயந்தி டேப்லெட்டை வரப்பில் வைத்துவிட்டு, "காலைக் காட்டுங்க அக்கா" என்றாள்.

இடது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெளுத்துப் பிளந்திருந்தது. அதற்குள் ஒரு சிப்பித் துண்டு விரல்நகத்து நீளத்துக்கு ஏறி நின்றது. தமயந்தி அதைப் பிடித்து இழுத்தாள். அது வெளியே வந்தபோதும், ரத்தமும் சீழுமாக வழிந்தபோதும், சண்முகக்கனி டீ டம்ளரில் தேயிலை மிதப்பதைப் பற்றிப் பக்கத்துப் பெண்ணிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோதுதான் அவள் முகம் மாறியது.

"இது எப்பக் குத்துச்சு?"

"அதுதான் அக்கா உங்களுக்குத் தெரியாது. உப்பு கடிக்காம இல்ல, சர்க்கரையில மரத்துப்போய் உங்களுக்குக் காலே தெரியல. நீங்க உங்க பேர்ல நோட்டுப் போட்டு, ரத்தம் பார்த்து, உங்களுக்குன்னு மருந்து எடுக்கணும். இல்லைன்னா விரல் போயிடும், அப்புறம் கால்."

சேர்மத்துரை குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்முகக்கனி சேலையை இறக்கி மறைத்துக்கொண்டாள்.

"நோட்டெல்லாம் வேண்டாம்."

"ஒரு நாள் வேலை போறதுக்குப் பயந்தா—"

"அதுக்கில்ல." அவள் தமயந்தியைக் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாலும், அந்த வெட்டவெளியில் அது எல்லோருக்கும் கேட்டது. "இந்த மனுசன் இருந்த காலத்துல எனக்கு ஒரு தலைவலி மாத்திர வாங்கித் தந்ததில்ல. இருபத்தி ரெண்டு வருசம். காய்ச்சல்னு படுத்தா, சோறு யாரு பொங்குவான்னு கேப்பாரு. இப்பத்தான் மாசாமாசம் எனக்குன்னு ரெண்டு கிலோமீட்டர் நடந்து வாராரு. என் பேருல நான் நோட்டு போட்டுட்டா, இவரு என்னத்துக்கு வருவாரு?"

தமயந்தி கொண்டுவந்த அறுபத்திரண்டு கேள்வியிலும் இது இல்லை. காயத்தைக் கழுவித் தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டிவிட்டாள். நிமிர்ந்தபோது சேர்மத்துரை அங்கே இல்லை. டீ இன்னும் பாதி டம்ளர் இருந்தது. அவர் அப்படிப் பாதியில் போனது அதுதான் முதல் தடவை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவருடைய முறை இல்லை. ஆனாலும் கேட் திறக்கும்போது அவர் நின்றிருந்தார். நோட்டுகளை வாங்கிக்கொள்ளாமல், வந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் மரியசூசை தன் பேரனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, எழுபது வயதில் ஓட்டக்கூடாத வேகத்தில் உப்பளத்தைப் பார்த்துப் போனார்.

"ஏ, சண்முகக்கனி! உம்மாப்பிள்ளைக்குக் கால்வலி! பெஞ்சுல உக்காந்து எந்திரிக்க முடியாமக் கெடக்காரு. உன்னக் கூப்பிடுதாரு!"

"செத்த மனுசனுக்கு என்னவே கால்வலி?" என்று சண்முகக்கனி பாத்தியில் நின்றபடியே கேட்டாள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். தன் நாள் இல்லாத நாளில் அவர் வந்ததே இல்லை. கம்பைப் போட்டாள். கங்காணி என்னவோ கத்தினான். அவள் ஒரு காலை இழுத்து இழுத்து வரப்பில் ஓடினாள்.

சேர்மத்துரை உடைந்த பெஞ்சில் இடது காலை நீட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ஆ" என்றும் "அம்மா" என்றும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடிப்பு படுமோசம். உயிரோடு இருந்தபோதும் அவருக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் சும்மா இருந்தே எல்லாவற்றையும் சமாளித்தவர். சண்முகக்கனி வரிசைக்குள் புகுந்து, அவர் காலைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க வலிக்கி? இங்கயா?" என்றாள். "கொஞ்சம் தள்ளி" என்றார். அவர் பெஞ்சில் சற்று நகர்ந்தார். அவளும் நகர்ந்தாள். "இங்கயா?" "இன்னும் கொஞ்சம்." பதினாலு மாதமாகத் தங்களுக்காக நின்றவருக்காக அன்று அந்த வரிசை முழுவதும் சத்தமில்லாமல் ஒதுங்கி வழி விட்டது. அவர் நகர, அவள் நகர, அவள் நிமிர்ந்து பார்த்தபோது நர்ஸின் மேசை இடுப்பில் இடித்தது. நர்ஸ் அவள் கையைப் பிடித்துவிட்டாள். குத்தியும் விட்டாள்.

"ஏ, என்ன செய்த?"

ரத்தம் குபுக்கென்று வந்தது. மிஷின் கொஞ்சம் யோசித்துவிட்டு நானூற்றிப் பன்னிரண்டு என்று காட்டியது. நர்ஸ் அதை வாய்விட்டுப் படித்ததும், உள்ளே டாக்டரம்மா பல வருஷத்துக்குப் பிறகு தலையை நிமிர்த்தி, "யாரு அது?" என்று கேட்டார். நோட்டு இல்லாததால் அவருக்கு முகத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

காயத்தைக் கழுவி, அழுகிய தோலை வெட்டி, ஊசி போட்டு, கட்டுக் கட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. டாக்டரம்மா குனிந்து தன் கையாலேயே செய்தார். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டும் என்றார். மறுநாள் கங்காணியைப் பார்த்துச் செவ்வாய்க்கிழமை லீவுக்குத் தானே சீட்டு எழுதித் தருவதாகவும் சொன்னார். சண்முகக்கனி யாரையும் பார்க்கவில்லை. திரவியம் புது நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தபோது மட்டும் வாயைத் திறந்தாள்.

"என் பேரு எழுதினா, அவிய பேர அடிச்சிருவியளோ?"

திரவியம் தமயந்தியைப் பார்த்தான். தமயந்தி டேப்லெட்டைப் பார்த்தாள்.

"அடிச்சிரு திரவியம்" என்றார் சேர்மத்துரை. கால்வலியெல்லாம் போய்விட்டது. எழுந்து ஜன்னலுக்கு வந்திருந்தார். "ஒரு வீட்டுக்கு ஒரு நோட்டு போதும்."

"அப்ப நீங்க?" என்றாள் சண்முகக்கனி.

திரவியம் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டான். கோடு முடிந்தபோது ஜன்னலில் வெயில்தான் இருந்தது.

அந்த மூன்று வாரமும் சண்முகக்கனி மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள், கட்டு மாற்ற நடந்து வந்தாள், புண் ஆறிவந்தது. கழிப்பறைச் சாவி எங்கிருந்தோ கிடைத்துவிட்டது. டிரம்முக்கு மூடி வந்தது. சென்னையிலிருந்து கோபிநாத் கூப்பிட்டு, இருநூற்றுப் பதினாலைப் போல விவரமாகப் பேசுகிற ஆள் இன்னும் நாலு பேர் வேண்டும் என்றார். தமயந்தி அவர் இனி வரமாட்டார் சார் என்றாள்.

முதல் செவ்வாய்க்கிழமை வந்தது. வரிசையில் முன்னால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் மரியசூசை நின்றார். யாரும் அதில் நிற்கவில்லை. எட்டு மணி ஆயிற்று, ஒன்பதாயிற்று. சண்முகக்கனி பெண்கள் வரிசையில் தன் புது நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டையே பார்த்து நின்றாள். ரத்தச் சர்க்கரை நூற்றி எண்பதுக்கு இறங்கியிருந்தது. நர்ஸ் கைதட்டினாள். சண்முகக்கனியின் முகம் அசையவில்லை.

"எல்லாம் உன்னாலதான்" என்றாள் தமயந்தியைப் பார்த்து. "அறுபது கேள்வி கேட்டியே, எனக்கு என்ன வேணும்னு ஒண்ணு கேட்டியா?"

மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரவியம் பதிவேட்டைப் புரட்டினான். "மதினி, ஒங்க காலுக்குன்னு டாக்டரம்மா மெத்துச் செருப்பு எழுதியிருந்தாவல்லா, அது சனிக்கிழமையே வந்துட்டு."

"எங்க, குடு."

"அதான் சொல்லுதேன். குடுத்தாச்சு. நான் சாப்பிடப் போயிருந்தேன். துப்புரவுக்காரம்மாதான் எடுத்துக் குடுத்திருக்கு. பெற்றுக்கொண்டவர்னு கையெழுத்து இருக்கு பாருங்க."

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடிப்பதற்குள் கேட்டுக்கு வெளியே டீக்கடைப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

சேர்மத்துரை வந்துகொண்டிருந்தார். கட்டம் போட்ட சட்டை, வேட்டி, காலில் நீலப்பட்டை வைத்த புத்தம்புதுப் பெண்கள் செருப்பு. அவர் குதிகால் இரண்டும் பின்னால் இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து, கெந்திக் கெந்தி நடந்தார். டீக்கடைக்காரர்கள் விசில் அடித்தார்கள். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

சண்முகக்கனி வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"பொண்டாட்டி செருப்ப மாட்டிட்டு ஊரச் சுத்துதியளோ? வெக்கமா இல்ல?"

"புதுச் செருப்பு கடிக்கும்லா" என்றார் அவர். "ஒனக்குத்தான் கடிச்சாத் தெரியாதே. சனிக்கிழமைலேருந்து நான் போட்டு நடந்து பாத்துட்டு இருக்கேன்."

குனிந்து இரண்டையும் கழற்றி, துண்டால் துடைத்து, அவள் காலுக்கு நேராகத் திருப்பி வைத்தார். அவள் ஒரு காலை நுழைத்தாள், பிறகு கட்டுப் போட்ட காலை. அந்த இடத்திலேயே இரண்டு அடி முன்னால் வைத்து, இரண்டு அடி பின்னால் வைத்தாள்.

"எப்படி இருக்கு?" என்று தமயந்தி கேட்டாள்.

"எனக்குத் தெரியலயே" என்றாள் சண்முகக்கனி. அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எப்படி இருக்கு?"

"நல்லா மெத்துனு இருக்கு" என்றார் சேர்மத்துரை. "இடது கட்டைவிரல் பக்கம் மட்டும் கொஞ்சம் பிடிக்கி. அத இன்னும் ரெண்டு நாள்ல சரியாக்கிரலாம்."